முயலைச் சென்சார் செய்தது யார்? ரோஜர் ராபிட் நாவல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருக்கும் ரோஜர் ராபிட் நாவலின் பிரதி ஏழெட்டுக் கை மாறிவிட்டது. வாங்கிக்கொண்டு போகும்போது எல்லோரும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். திருப்பித் தரும்போது வேறு கேள்விகள், ஆனால் அவையும் எல்லோருக்கும் ஒன்றேதான். இரண்டையும் எழுதி வைத்துவிட்டால் புத்தகத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடலாமே என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். கொலைகாரன் யார் என்பது கடைசிப் பகுதியில்தான் வரும். அதற்கு முன்னால் எச்சரிக்கை வைத்திருக்கிறேன், பயப்படாமல் படிக்கலாம்.

இது அந்த முயல் படத்தோட கதையை அப்படியே புத்தகமா போட்டதுதானே?

இல்லை, தலைகீழ். புத்தகம்தான் முதலில் வந்தது. கேரி கே. வுல்ஃப் எழுதிய 'ஹூ சென்சார்டு ரோஜர் ராபிட்?' 1981-இல் வெளியானது. 'ஹூ ஃப்ரேம்டு ரோஜர் ராபிட்' என்ற படம் வந்தது 1988-இல். தலைப்பில் ஒரு சொல் மாறியிருப்பதைக் கவனியுங்கள். புத்தகத்தில் முயலை 'சென்சார்' செய்துவிடுகிறார்கள், படத்தில் பொய்க் குற்றத்தில் மாட்டிவிடுகிறார்கள். புத்தகத் தலைப்பில் கேள்விக்குறி உண்டு, படத் தலைப்பில் கிடையாது.

வுல்ஃப் 1941-இல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். விளம்பரத் துறையில் வேலை பார்த்தவர். இதற்கு முன் மூன்று அறிவியல் புனைகதை நாவல்கள் எழுதியிருந்தார். புத்தகம் வந்த சூட்டோடு டிஸ்னி நிறுவனம் உரிமையை வாங்கிவிட்டது. ஆனால் படம் திரைக்கு வர ஏழு வருடம் ஆனது, அதற்குள் கதை ஆளே மாறிப்போனது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கொலைகாரன் யாருன்னு சொல்லாம, கதை என்னன்னு மட்டும் சொல்லுங்க.

லாஸ் ஏஞ்சலஸ் நகரம். மனிதர்களும் கார்ட்டூன்களும் ஒரே ஊரில் வாழ்கிறார்கள். கார்ட்டூன்களுக்கு 'டூன்' என்று பெயர். எடி வேலியன்ட் என்ற தனியார் துப்பறிவாளரை ரோஜர் என்ற முயல் வேலைக்கு அமர்த்துகிறது. முயலுக்கு ஒரு மனக்குறை. டிகிரீஸி சகோதரர்கள் நடத்தும் காமிக்ஸ் சிண்டிகேட்டில் அது ஒப்பந்த நடிகர். தனியாக ஒரு தொடர் தருவதாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கியவர்கள், பேபி ஹெர்மன் என்ற நட்சத்திரத்துக்குப் பக்கவாத்தியமாகவே அதை வைத்திருக்கிறார்கள். யாரோ அந்த ஒப்பந்தத்தை விலைக்குக் கேட்கிறார்களாம், அதற்கும் இவர்கள் இணங்கவில்லை. ஏன் என்று கண்டுபிடித்துச் சொல், இதுதான் வேலியன்டுக்குக் கொடுத்த வேலை.

சாதாரண ஒப்பந்தத் தகராறு. வேலியன்ட் கூலிக்காக அரை மனதோடு விசாரிக்கத் தொடங்குகிறார். அப்புறம் அண்ணன் தம்பியில் ஒருவரான ராக்கோ டிகிரீஸி சுட்டுக் கொல்லப்படுகிறார். முயலும் தன் வீட்டிலேயே கொலையாகிக் கிடக்கிறது. அதே முயல் வேலியன்டிடம் வந்து நின்று, என்னைக் கொன்றவனைக் கண்டுபிடி என்கிறது.

இருங்க, செத்துப்போன முயல் எப்படி வந்து நிக்கும்? ஆவியா?

ஆவி இல்லை, 'டாப்பிள்'. இந்த உலகத்தின் டூன்களுக்குத் தங்களைப் போலவே ஒரு நகலை உருவாக்கும் திறமை உண்டு. காமிக்ஸில் பாறை தலையில் விழுகிறது, டைனமைட் வெடிக்கிறது, ஆள் தட்டையாகிறான், அடுத்த கட்டத்தில் முழுசாக நிற்கிறான் அல்லவா? அந்த அடியெல்லாம் வாங்குவது டாப்பிள். சினிமாவில் டூப் போடுவது மாதிரி, ஆனால் டூப்பைத் தன் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்வது. வேலை முடிந்ததும் அது உதிர்ந்து பொடியாகிவிடும்.

ரோஜர் சாவதற்கு முன் கொஞ்சம் கூடுதல் சக்தி போட்டு ஒரு டாப்பிளை உருவாக்கி வெளியே அனுப்பியிருந்தது. அசல் செத்துப்போக, நகல் தப்பித்துவிட்டது. அதற்கு ஆயுள் ஏறத்தாழ இரண்டு நாள். அந்த இரண்டு நாளுக்குள் தன் கொலையைத் தானே துப்பறிய வேண்டும். படிக்கப் படிக்க முயல் தளர்ந்துகொண்டே வரும். சிரிப்புக் கதையில் இப்படி ஒரு கடிகாரத்தை மாட்டி வைத்ததுதான் வுல்ஃபின் கெட்டிக்காரத்தனம் என்பேன்.

டூன்னா டிவியில ஓடுற அனிமேஷன் கார்ட்டூன்தானே?

படத்தில் ஆமாம், புத்தகத்தில் இல்லை. படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இது. புத்தகத்து டூன்கள் செய்தித்தாளில் தினமும் நாலு கட்டத்தில் வருமே, அந்த ரகம். அந்தக் கட்டங்களை யாரும் வரைவதில்லை. டூன்கள் ஸ்டூடியோவில் வேடம் போட்டு நிற்க, புகைப்படக்காரர் படம் பிடிக்கிறார். அதுதான் மறுநாள் காலை காமிக்ஸாக அச்சாகிறது. கரோல் மாஸ்டர்ஸ் என்ற புகைப்படக்காரி கதையில் ஒரு முக்கியப் பாத்திரம்.

ஆகவே இந்த ஊரின் பணக்காரர்கள் சினிமா முதலாளிகள் இல்லை, சிண்டிகேட் முதலாளிகள். அமெரிக்காவில் சிண்டிகேட் என்பது ஒரு தொடரை வாங்கி நூற்றுக்கணக்கான செய்தித்தாள்களுக்கு விற்கும் நிறுவனம். பாத்திரத்தின் உரிமை யார் கையில் என்பது அங்கே எப்போதும் பெரிய சண்டை. சூப்பர்மேனை உருவாக்கிய ஜெரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் 1938-இல் வெறும் 130 டாலருக்கு அதன் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு ஆயுள் முழுக்க அதற்காகப் போராடினார்கள். காமிக்ஸ் உலகத்தில் ஒப்பந்தத்துக்காகக் கொலை நடக்கிறது என்றால் அமெரிக்க வாசகர் சிரிப்பார், ஆனால் நம்பாமல் இருக்க மாட்டார்.

பேசினா தலைக்கு மேல நிஜமாவே பலூன் வருமா?

வரும். இந்தப் புத்தகத்தில் எனக்கு மிகப் பிடித்த விஷயமே அதுதான். முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்குப் பலூன் என்றால் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பலூனைக் கையால் தொடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டூன் பேசினால் சொற்கள் தலைக்கு மேல் பலூனாக எழும்பும், கொஞ்ச நேரம் மிதக்கும், அப்புறம் கீழே விழுந்து கிடக்கும். எடுத்து மடித்து வைத்துக்கொள்ளலாம்.

வேடிக்கைக்காக மட்டும் இதை வைத்திருந்தால் பத்துப் பக்கத்தில் அலுத்திருக்கும். வுல்ஃப் அதைத் தடயமாக்கிவிட்டார். ரோஜர் செத்துக் கிடந்த இடத்தில் அதன் கடைசிப் பலூன் கிடைக்கிறது. செத்தவன் கடைசியாக என்ன பேசினான் என்பது எழுத்தில் இருக்கிறது, யாரிடம் பேசினான் என்பதுதான் இல்லை. சாதாரணத் துப்பறியும் கதையில் சாகிறவன் ரத்தத்தால் தரையில் அரைகுறையாக ஏதோ எழுதிவிட்டுச் சாவான், நாமும் பல்லைக் கடித்துக்கொண்டு நம்புவோம். இங்கே அந்த ஓட்டை தானாகவே அடைபடுகிறது.

இன்னொன்று. பலூனை அடக்கிக்கொண்டு மனிதர்களைப் போலக் குரலில் மட்டும் பேசும் டூன்களும் உண்டு. ஆள் பார்க்க மனிதனாகவே இருந்தால், அவன் டூனா மனிதனா என்று கண்டுபிடிக்கவே முடியாது. இது பின்னால் இரண்டு கேள்விகளுக்கு உதவும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, தலைப்புல ஏன் 'சென்சார்'? கொலைன்னே சொல்லலாமே?

செய்தித்தாளில் ஒரு காமிக்ஸ் தொடரை வரவிடாமல் வெட்டினால் அதைச் சென்சார் என்போம். காமிக்ஸ் கட்டத்துக்குள் வாழ்கிறவனை வெட்டினால் அது கொலை. டூன் கொலைக்கு அந்த உலகத்தின் பேச்சுவழக்கு இது. கூடவே இன்னோர் அர்த்தமும் இருக்கிறது. கடைசிப் பலூனைப் பார்க்கும்போது, ரோஜர் தெரிந்துகொள்ளக் கூடாத எதையோ தெரிந்துகொண்டதால்தான் வாயை மூடினார்களோ என்ற சந்தேகம் வருகிறது. ஒரே சொல்லில் இரண்டு முடிச்சு.

தமிழில் 'தணிக்கை' என்றால் இந்த விளையாட்டு வராது. தணிக்கை என்றதும் நமக்குத் திரைப்படச் சான்றிதழும், கணக்குத் தணிக்கையும் ஞாபகம் வரும். அதனால்தான் தலைப்பில் சென்சார் என்றே வைத்தேன்.

துப்பறியிறவர் படத்துல வர்ற மாதிரி குண்டா, குடிச்சுக்கிட்டே இருப்பாரா?

குடிப்பார். ஆனால் பாப் ஹாஸ்கின்ஸ் நடித்த அந்தச் சோகமான மனிதரைத் தேடாதீர்கள். படத்தில் அவருடைய சகோதரரை ஒரு டூன் பியானோவைப் போட்டுக் கொன்றிருக்கும். அதனால்தான் டூன்களைக் கண்டாலே ஆகாது. அந்த முன்கதை திரைக்கதை எழுதிய ஜெஃப்ரி பிரைஸ், பீட்டர் சீமன் இருவரும் சேர்த்தது. புத்தகத்து வேலியன்டுக்கு அப்படிப்பட்ட நியாயம் எதுவும் கிடையாது. டூன்களை மட்டமாக நினைக்கிறார், அந்த ஊரில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

கதையை அவரே சொல்கிறார். 1930-களில் டாஷியல் ஹாமெட், ரேமண்ட் சாண்ட்லர் இருவரும் நிலைநிறுத்திய பாணி அது: சம்பளம் குறைவு, வாய் அதிகம், யாரையும் நம்பாத துப்பறிவாளன். அந்தக் குரலில் ஒரு முயலை வர்ணித்தால் எப்படி இருக்கும்? முதல் பக்கத்திலேயே இருக்கிறது. கதவைத் திறந்த கட்சிக்காரர் ஏறத்தாழ ஆறடி உயரம், ஆனால் அது ஒன்றரை அடிக் காதுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால். தொளதொள அரை டவுசர். தோள் அவ்வளவு கூனல், அதனால் டவுசரைப் பிடித்திருக்கும் தோள்வார் நழுவாமல் இருக்க செல்லோ டேப்பைக் குறுக்கே ஒட்டி வைத்திருக்கிறது. அந்த டேப்பைப் படித்த இடத்திலேயே முயல் எனக்கு உயிரோடு வந்து நின்றுவிட்டது. இன்னொரு செய்தி, புத்தகத்து ரோஜர் படத்தில் வருவதுபோல முழு வெள்ளை முயல் இல்லை. வெளிர் பழுப்பு, வயிறு, மூக்கு, கால்விரல், உள்ளங்கை மட்டும் வெள்ளை.

ஜெசிகா எப்படி? அதே சிவப்பு கவுன்?

கவுனைப் படத்தோடு விட்டுவிடுங்கள். படத்து ஜெசிகா பார்க்கத்தான் ஆபத்தானவள், உள்ளுக்குள் புருஷன்மேல் உயிரையே வைத்திருப்பவள். என்னை இப்படி வரைந்துவிட்டார்கள், அவ்வளவுதான் என்று சொல்லும் அவளுடைய வசனம் உலகம் முழுக்கப் பிரபலம். பேச்சுக்குக் கேத்லீன் டர்னர், பாட்டுக்கு ஏமி இர்விங் குரல் கொடுத்தார்கள்.

புத்தகத்தில் அவள் ரோஜரைவிட்டுப் பிரிந்துபோன மனைவி. முன்பு ராக்கோ டிகிரீஸியோடு இருந்தவள், யாரும் எதிர்பாராத நேரத்தில் முயலைக் கல்யாணம் செய்துகொண்டாள், கொஞ்ச காலம் கழித்து வந்த வழியே ராக்கோவிடம் திரும்பிப் போய்விட்டாள். பார்க்க முழுக்க மனிதப் பெண், ஆனால் டூன். இவள் ஏன் இந்த முயலைக் கட்டிக்கொண்டாள் என்று ஊரே கேட்கிறது. பக்கத்து வீட்டு வம்பு மாதிரி இருக்கும் அந்தக் கேள்வியை வாசகர் லேசாக விட்டுவிடக் கூடாது. இதற்கு மேல் இங்கே சொல்ல மாட்டேன்.

அப்போ படத்துக்கும் புத்தகத்துக்கும் பொதுவா என்னதான் இருக்கு?

பெயர்கள், ஊர், மனிதர்களும் டூன்களும் சேர்ந்து வாழும் ஏற்பாடு. கிட்டத்தட்ட அவ்வளவுதான். படம் 1947-இல் நடக்கிறது, புத்தகம் அது எழுதப்பட்ட காலத்தில். படத்தின் வில்லன் ஜட்ஜ் டூம் புத்தகத்திலேயே கிடையாது. டர்பன்டைன், அசிட்டோன், பென்ஸீன் மூன்றையும் கலந்து டூன்களைக் கரைக்கும் 'டிப்' என்ற திரவமும் கிடையாது. புத்தகத்து டூன் சாதாரணத் துப்பாக்கிக் குண்டுக்கே செத்துப்போகும். டிராம் பாதையை ஒழித்துவிட்டு நெடுஞ்சாலை போடும் சதி, லாஸ் ஏஞ்சலஸின் பசிபிக் எலக்ட்ரிக் ரயில்களின் நிஜ வரலாற்றிலிருந்து படம் எடுத்துக்கொண்டது. முக்கியமாக, படத்தில் ரோஜர் சாகவே மாட்டான்.

எது மேல் என்று கேட்டால் இரண்டும் வேறு சரக்கு என்பேன். ராபர்ட் ஸெமெக்கிஸ் இயக்கிய படம் கண்ணுக்கு விருந்து. ரிச்சர்ட் வில்லியம்ஸ் தலைமையில் ஒவ்வொரு சட்டகமாகக் கையால் வரைந்தார்கள். ஒரு காட்சியில் எடியின் தலை இடித்துத் தொங்கும் விளக்கு ஆடும், அது ஆட ஆட முயலின் உடம்பில் வெளிச்சமும் நிழலும் மாறிக்கொண்டே இருக்கும். விளக்கை ஆடாமல் விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கப்போவதில்லை, ஆனாலும் உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள். படத்துக்குப் போட்டியில் மூன்று ஆஸ்கர், வில்லியம்ஸுக்குத் தனியாக ஒரு சிறப்பு ஆஸ்கர். புத்தகத்தின் பலம் கண்ணில் இல்லை, கணக்கில். படத்தில் காமிக்ஸ் விதிகள் வேடிக்கைக்கு, புத்தகத்தில் அவை துப்பு.

இந்த யோசனை அவருக்கு எங்கிருந்து வந்துச்சு?

சனிக்கிழமை காலை டிவி விளம்பரத்திலிருந்து. அமெரிக்காவில் குழந்தைகள் சாப்பிடும் சீரியல் விளம்பரங்களில் கார்ட்டூன் முயலும் புலியும் நிஜக் குழந்தைகளோடு பேசும். குழந்தைகள் யாரும் திடுக்கிடுவதில்லை, பெரியவர்களும் இதென்ன அதிசயம் என்று கேட்பதில்லை. அப்படி யாருமே ஆச்சரியப்படாத ஓர் ஊர் நிஜமாகவே இருந்தால் என்ன ஆகும் என்று வுல்ஃப் யோசித்திருக்கிறார். அவரே விளம்பரத் துறைக்காரர் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். தன் தொழிலில் தினமும் பார்த்த ஒன்றைத்தான் ஒரு படி தள்ளிவைத்துப் பார்த்திருக்கிறார்.

குழந்தைங்களுக்கு வாங்கிக் கொடுக்கலாமா? அட்டையில முயல் இருக்கே.

வேண்டாம். ஆபாச காமிக்ஸ் வியாபாரம், மிரட்டல், கள்ள உறவு எல்லாம் உண்டு. பேபி ஹெர்மன் பார்க்கத்தான் தொட்டில் குழந்தை, உள்ளே இருப்பது சுருட்டுப் பிடிக்கும் நடுவயது மனிதர். பதினாறு, பதினேழு வயதுக்கு மேல் படிக்கட்டும்.

டூன்களை ஒதுக்கி வைக்கிறது கறுப்பின மக்களைப் பத்தித்தானே சொல்றாங்க?

அப்படிப் படிக்க இடம் இருக்கிறது. படத்தில் இன்னும் தெளிவாகவே இருக்கும். டூன்கள் ஆடிப் பாட, மனிதர்கள் மட்டும் வாடிக்கையாளராக உட்காரும் ஒரு கிளப் வரும். நியூயார்க்கின் ஹார்லெமில் இருந்த காட்டன் கிளப் ஞாபகம் வராமல் போகாது. அங்கே மேடையில் கறுப்பினக் கலைஞர்கள், கீழே வெள்ளைக்காரப் பார்வையாளர்கள். புத்தகத்தில், பலூனை அடக்கிக்கொண்டு மனிதர்போல நடமாடும் டூன்களைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? நிறம் வெளுத்த கறுப்பினத்தவர் சிலர் தங்களை வெள்ளையர் என்று காட்டிக்கொண்டு வாழ்ந்த அமெரிக்க வரலாறு அதற்குப் பின்னால் நிற்கிறது.

ஆனால் இதைத் திறவுகோலாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கத்தையும் திறக்கப் பார்த்தால் புத்தகம் ஒத்துழைக்காது. சமூக விமர்சனம் சூடுபிடிக்கும் இடத்தில் வுல்ஃப் ஒரு ஜோக் அடித்துவிட்டுப் போய்விடுவார். எனக்கு அது கொஞ்சம் குறையாகத்தான் தெரிகிறது. ஒப்பந்தத்தில் கட்டுண்டு கிடக்கும் தொழிலாளி என்ற கோணம்தான் கடைசிவரை நிற்கிறது.

ஒப்பந்தம்னு சொன்னதும் ஞாபகம் வருது, இவரே டிஸ்னிமேல கேஸ் போட்டாராமே?

போட்டார், 2001-இல். படத்தின் 'மொத்த வருமானத்தில்' தனக்குப் பங்கு என்று ஒப்பந்தத்தில் இருந்தது. மொத்த வருமானம் என்றால் கைக்கு வந்த ரொக்கம் மட்டுமா, மற்ற நிறுவனங்களோடு செய்துகொண்ட பண்டமாற்று விளம்பர ஏற்பாடுகளின் மதிப்பும் சேருமா என்பதுதான் வழக்கு. கீழ் நீதிமன்றம் டிஸ்னி பக்கம் நின்றது. 2004-இல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தத் தொழிலில் அந்தச் சொல்லுக்கு என்ன வழக்கு என்பதையும் பார்க்க வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பியது.

2005-இல் விசாரணை நடந்தபோது வுல்ஃப் தரப்பு 70 லட்சம் டாலர் பாக்கி என்றது. டிஸ்னி தரப்போ, கணக்கில் பிழை நடந்துவிட்டது, அவர்தான் எங்களுக்குத் தர வேண்டும் என்றது. முடிவில் சில லட்சம் டாலர் அவருக்குக் கிடைத்தது. சிண்டிகேட் முதலாளி ஒப்பந்தத்தை எப்படிப் படிப்பான் என்று இருபது வருடம் முன்னாலேயே நாவலில் எழுதி வைத்தவருக்கு இப்படி ஒரு வழக்கு.

அடுத்த பாகம் இருக்கா? எதை முதல்ல படிக்கணும்?

1991-இல் 'ஹூ பி-பி-பி-பிளக்டு ரோஜர் ராபிட்?', 2013-இல் 'ஹூ வேக்டு ரோஜர் ராபிட்?' என்று இரண்டு வந்தன. ஜெசிகாவை நடுவில் வைத்து 2022-இல் ஒன்றும் வந்தது. முதல் நாவலைத் தனிப் புத்தகமாகவே படியுங்கள். மற்றவை படத்தின் பாத்திரங்களுக்கு நெருக்கமானவை.

முதல் நாவலில் செத்தவர்கள் இரண்டாவதில் எப்படி வருகிறார்கள் என்று உடனே கேட்பீர்கள். முதல் நாவலில் நடந்ததெல்லாம் ஜெசிகா கண்ட கனவு என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார் வுல்ஃப். கோடிக்கணக்கான பேர் படத்தைப் பார்த்தாயிற்று, அவர்களுக்குத் தெரிந்த முயல் உயிரோடு இருக்கிறது. வேறு வழியில்லை என்பது புரிகிறது. இருந்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

இங்கிலீஷ் கஷ்டமா இருக்குமா?

வாக்கியங்கள் சின்னவை, கதை வேகமாக ஓடும். கஷ்டம் வேறு இடத்தில். அமெரிக்கச் செய்தித்தாள் காமிக்ஸ் பாத்திரங்கள் நடுநடுவே தலைகாட்டும். அவர்களைத் தெரியாவிட்டால் சில சிரிப்புகள் தப்பிப்போகும், கதை தப்பாது. அகராதியைத் தேடாமல் முதல் நாற்பது பக்கத்தைக் கடந்துவிடுங்கள்.

இதுக்கு மேல கொலைகாரன் பேர் வருமா?

வரும். படிக்காதவர்கள் இங்கேயே நின்றுவிடுங்கள்.

முடிவுல பூதம் வருதே, இது அழுகுணி ஆட்டம் இல்லையா?

திருப்பித் தருபவர்களில் பாதிப் பேர் இந்தக் கோபத்தோடுதான் வருவார்கள். கதை முழுக்கப் பலபேர் ஒரு பழைய தேநீர்க் கெண்டிக்காக அலைகிறார்கள். அது கடைசியில் அலாவுதீன் விளக்கு வகையறா. உள்ளே பூதம். ரோஜரைக் கொன்றது அந்தப் பூதம்தான். தனக்கே தெரியாமல் ரோஜர் அதனிடம் வரம் வாங்கியிருக்கிறது: ஜெசிகா தனக்கு வேண்டும், ஒப்பந்தம் வேண்டும். இரண்டும் கிடைத்ததன் ரகசியம் அதுதான். ஜெசிகா ஏன் முயலைக் கட்டினாள் என்ற வம்புக் கேள்வியை விட்டுவிடாதீர்கள் என்றேனே, அதற்குப் பதில் இங்கே இருக்கிறது. கடைசிப் பலூனில் ரோஜர் யாரிடம் பேசியது என்பதற்கும் இதுவே பதில்.

ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், தானும் துப்பறியும் கதை எழுதியவர், 1929-இல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். இரண்டாவது கட்டளை, அமானுஷ்யம் கூடாது. பத்தாவது, இரட்டையர்களையும் நகல் ஆள்களையும் வாசகரை முன்கூட்டித் தயார்படுத்தாமல் கொண்டுவரக் கூடாது. வுல்ஃப் பத்தாவதை அழகாகக் காப்பாற்றுகிறார். டாப்பிள் விதியை முன்னாலேயே விளக்கிவிட்டுத்தான் பயன்படுத்துகிறார். இரண்டாவதை உடைக்கிறார். என் கணக்கில் அது பாதி அழுகுணிதான். பேசினால் பலூன் முளைக்கும் ஊரில் பூதம் இருப்பது நியாயமே என்று வாதாடலாம். ஆனால் பலூனுக்கும் டாப்பிளுக்கும் விதி சொன்ன மாதிரி பூதத்துக்கும் கொஞ்சம் முன்னால் விதி சொல்லியிருந்தால் நான் முழு மனதோடு ஒப்புக்கொண்டிருப்பேன்.

அப்போ ராக்கோவையும் பூதம்தான் கொன்னுச்சா?

இல்லை. ராக்கோவைக் கொன்றது ரோஜர். அசல் ரோஜர். டாப்பிளை ஏன் அந்த நேரத்தில் உருவாக்கி வெளியே அனுப்பியது என்று மறுபடி யோசித்துப் பாருங்கள். தான் வேறு எங்கோ இருந்ததாகக் காட்டிக்கொள்ள அதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா? இரண்டு நாளாக வேலியன்டோடு கூடவே அலைந்து, சிரித்து, சிரிக்க வைத்து, நம் பரிதாபத்தையெல்லாம் வாங்கிக்கொண்ட முயல் ஒரு கொலைகாரனின் நகல். படம் செய்யத் துணியாதது இதுதான். பூதத்தை மன்னிக்காதவர்களும் இந்த இடத்தில் வாயடைத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

என் பிரதியை வாங்கிப்போன யாரோ ஒரு புண்ணியவான், முதல் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் 'கொலைகாரன் பூதம்' என்று எழுதி வைத்துவிட்டார். யார் என்று இன்றுவரை தெரியவில்லை. அழிக்கலாம் என்று ரப்பரை எடுத்தேன், அப்புறம் வைத்துவிட்டேன். அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தைத் தொடங்குகிறவர் பூதத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், முயலைப் பார்க்க மாட்டார்.